ஒன்பதில் எழுந்தவன்

முட்டை வேகட்டும், சொல்கிறேன் என்று சொல்லிவிட்டார் சற்குணம். சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். கொதிக்கிற தண்ணீரில் கரண்டியால் இரண்டு முட்டைகளை இறக்கினார். ஒன்றை ஒன்று இடித்து டொக் என்றது. இடது கையில் ஸ்டாப்வாட்ச். கட்டைவிரல் தானாகப் போய் அதன் பொத்தான் தலைமேல் உட்கார்ந்தது, ஐம்பது வருஷப் பழக்கம், யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குத்துச்சண்டையில் ஒரு ரவுண்டு மூன்று நிமிடம். மாசிலாமணியின் முட்டைக்கும் அதே மூன்று நிமிடம். அதற்குமேல் வெந்தால் கெட்டியாகிவிடும், மூன்று தடவை உடைந்து மூன்று தடவை கம்பி போட்டுக் கட்டிய தாடை அதை மெல்லாது. மேலே லேசாகத் தட்டி, ஓட்டை உடைத்து, உப்பும் மிளகும் தூவி, ஸ்பூனால் வழித்து விழுங்குகிற பதம்தான் அவனுக்கு வேண்டும். ஒன்பது வருஷமாக, சற்குணத்தின் மனைவி போனதிலிருந்து, ஞாயிற்றுக்கிழமை தவறினாலும் இது தவறியதில்லை. இதோ அவனே சமையலறைக்குள் வருகிறான். வருகிறான் என்று சும்மா சொன்னால் போதாது. முதலில் வெளிச்சம் போனது, பிறகு காற்று நின்றது, பிறகு நிலைப்படியின் கீழ் ஒரு நரைத்த தலை குனிந்து நுழைந்தது, அதன் பின்னால் ஒரு தோள், வெகுநேரம் கழித்து இன்னொரு தோள், பெரிய கப்பல் ஒன்று சின்னத் துறைமுகத்துக்குள் ஒருக்களித்து வருகிற மாதிரி. வயது எழுபத்தேழு. ஒரு கண்ணில் பூ விழுந்திருக்கிறது. மூக்கு எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நடுவழியில் நின்றுவிட்டது. இருந்தும் அவன் அந்தச் சின்ன முக்காலியில் உட்கார்ந்தபோது முக்காலிக்கு ஒரு மரியாதை வந்தது. எண்பத்து நாலு வயதுச் சற்குணத்துக்கு அவனைப் பார்க்கும்போதெல்லாம் வாய் கொஞ்சம் திறந்துகொள்ளும். இன்றும் திறந்துகொண்டது.

கேள்வியை அவன் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டுவிட்டான். அண்ணாத்தே, அன்னிக்கு நான் எத்தினியில எழுந்தேன்? எந்த அன்றைக்கு என்று சற்குணம் கேட்கவில்லை. அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரே ஒரு அன்றைக்குத்தான் உண்டு. விழுந்தவன் பத்து எண்ணுவதற்குள், ஒன்பதில் எழுந்தான் என்பது ராயபுரத்தில் ஆட்டோ ஓட்டுகிறவருக்குக்கூடத் தெரியும். ஒன்பதில் எழுந்து, அதற்கப்புறம் பதினோரு வருஷம் ஹெவிவெயிட் பட்டத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் வைத்திருந்தவன் என்று சுவரொட்டியிலேயே போட்டிருக்கிறார்கள். இன்று காலை பத்து மணிக்குப் புதுப் பயிற்சிக்கூடம் திறக்கிறார்கள், அதற்கு அவன் பெயர், கல்லில் வெட்டியாயிற்று. சற்குணம் போய் முதல் மணி அடித்துத் துவக்கிவைக்க வேண்டும் என்றும் ஏற்பாடு. இதெல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. முந்தாநாள் ஆஸ்திரேலியாவிலிருந்து டெரன்ஸ் டிகாஸ்டா வந்து இறங்கினான். அன்றைக்கு மாசிலாமணியைக் கீழே தள்ளிய அதே டெரன்ஸ், இப்போது கைத்தடி ஊன்றிக்கொண்டு, பேத்தியைத் துணைக்கு வைத்துக்கொண்டு. மேடையில் இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. அதனால்தான் மாசிலாமணி கேட்டான். எந்த மூஞ்ச வச்சிகினு நான் அவன் பக்கத்துல குந்தறது, நீயே சொல்லு, என்றான். நீ எல்லாத்துலயும் ரீல் உடுவ அண்ணாத்தே, எண்ணிக்கையில மட்டும் உட்டதில்ல.

அது உண்மைதான், அந்த உண்மைதான் குத்துகிறது. சற்குணம் துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்தவர். கப்பலிலிருந்து இறங்குகிற மூட்டைகளை எண்ணிக் கோடு போடுகிற உத்தியோகம். ஒரு முறை கடல்காகங்கள் மொத்தமாக வந்து பாய்மரக் கயிற்றில் உட்கார்ந்தபோது பார்த்த மாத்திரத்தில் முந்நூற்றுப் பதினேழு என்றார், ஒரு மாலுமி மேலே ஏறி எண்ணிவிட்டு வந்து முந்நூற்றுப் பதினாறு என்றான், அவன் எண்ணி முடிப்பதற்குள் ஒன்று பறந்துவிட்டதைச் சற்குணம் பார்த்திருந்தார். இந்தக் கதையை அவர் சொல்லாத டீக்கடை கிடையாது. இந்தக் கடிகாரமே ஒரு கிரேக்க மாலுமியிடம் இரண்டு தார் வாழைப்பழமும் ஒரு பேசும் கிளியும் கொடுத்து வாங்கியது. கிளி தமிழில் திட்டியது அவனுக்குத் தெரியாது. இப்படி ஆயிரம் அவிழ்த்துவிடுவார், கேட்கிறவர்களும் அவிழ்க்கட்டும் என்றுதான் உட்கார்ந்திருப்பார்கள். எண் என்று வந்தால் மட்டும் நாக்கு புரளாது. மூட்டை நூறு என்றால் நூறு. அப்படிப்பட்டவர் ஐம்பத்து மூன்று வருஷமாக ஒரே ஒரு எண்ணை யாருக்கும் சொல்லாமல் விழுங்கி வைத்திருக்கிறார். அது இன்னும் செரிக்கவில்லை. தண்ணீர் நன்றாகக் குதிக்கிறது. ஒரு நிமிடம் ஆகியிருக்கும். மாசிலாமணி சுவரில் சாய்ந்து, ஒற்றைக் கண்ணால் கொதிக்கிற பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான், குழந்தை ரயிலைப் பார்க்கிற மாதிரி. இந்தக் கைகள். மடியில் இரண்டு பலாக்காயை யாரோ வைத்துவிட்டுப் போனது போல் கிடக்கின்றன. துறைமுகத்தில் முதன்முதலாகச் சற்குணம் அவனைப் பார்த்தபோது தோளுக்கு இரண்டு மூட்டையாக நாலு மூட்டை தூக்கிக்கொண்டு வந்தான், ஆளுக்கு ஒன்று என்றே கோடு போட்டுப் பழகிய பென்சில் என்ன செய்வதென்று தெரியாமல் அந்தரத்தில் நின்றது. பளு இறக்கும் இரும்புக் கொக்கி ஒன்று ஆடி வந்து அவன் மண்டையில் மோதியது, அவன் கொக்கியைத் தடவிக்கொடுத்துவிட்டு நடந்தான். மறுநாள் பார்த்தால் கொக்கி வளைந்திருந்தது. பார்த்த அன்று மாலையே கூட்டிக்கொண்டு போய்க் கையுறை மாட்டிவிட்டவர் சற்குணம்தான். அளவான கையுறை கிடைக்கவில்லை.

சோடாக்காரன். அவன்தான் எல்லாவற்றையும் கெடுத்தவன். இத்தனை வருஷத்துக்கு அப்புறம் மாசிலாமணிக்கு மற்றதெல்லாம் மறந்து போகிறது, வீட்டுக்கு எந்தச் சந்து என்பதுகூடச் சில நாள் மறக்கிறது, ஏழுக்கு மேல் எண்ணிக்கை நழுவுகிறது. ஆனால் அந்தச் சோடாக்காரன் மட்டும் கண்ணாடி போட்ட படம் மாதிரி நிற்கிறான். விழுந்தபோது மாசிலாமணியின் காது பலகையில் ஒட்டியிருந்ததாம், கண் மட்டும் திறந்திருந்ததாம். கீழ்க்கயிற்றுக்கு அடியில் கூட்டத்தின் கால்கள், அந்தக் கால்களுக்கு நடுவில் சோடாக்காரன். அவன் புட்டியை எடுத்து, துண்டால் வாயைத் துடைத்து, கட்டையை வைத்து அமுக்கி, கோலி உள்ளே விழுந்து, நுரை பொங்கி, கட்டம் போட்ட லுங்கிக்காரர் ஒருவரிடம் கொடுத்து, அவர் அண்ணாந்து பாதி குடித்து, ஏப்பம் விட்டு, புட்டியைத் திருப்பிக் கொடுத்தாராம். அதற்கு அப்புறம்தான் எழுந்தானாம். ஒம்பது செகண்டுல அவ்ளோவும் நடக்குமா, என்று நேற்று மாசிலாமணி மெனக்கெட்டுக் கோலி சோடா விற்கிற கடையைத் தேடிப் போயிருக்கிறான். ஒரு சோடா உடைக்கச் சொல்லி, கடைக்காரரையே குடிக்கச் சொல்லி, ஏப்பமும் விடச் சொல்லி, அவர் செல்போனிலேயே நேரம் பார்த்திருக்கிறான். பதினாலு வந்ததாம். கடைக்காரர் வேண்டுமென்றே மெதுவாகக் குடித்திருப்பார் என்று சமாதானம் சொல்லலாம். சொல்லலாம்தான். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் பதினாலு என்ற எண்ணை இன்னொருவர் வாயால் கேட்டதும் சற்குணத்துக்கு, முட்டை வேகட்டும், சொல்கிறேன் என்றுதான் சொல்ல வந்தது. ஐம்பத்து மூன்று வருஷம் தான் ஒருவனே காவல் காத்த எண், ஒரு சோடாப் புட்டிக்குள் உட்கார்ந்திருந்திருக்கிறது.

அன்றைக்கு, வாழைக்காய் மண்டிக்குப் பின்னால் இருந்த மைதானம். பட்டம் அப்போது டெரன்ஸிடம், பெரம்பூர்க்காரன், ரயில் எஞ்சினில் கரி அள்ளிப் போடுகிறவன், அவனுடைய இடது கைக்குக் கண் இருக்கிறது என்று சொல்வார்கள். மூன்றாவது ரவுண்டு. மேஜையில் சற்குணம், அவர் முன்னால் மணி, கையில் மரச்சுத்தி, இரண்டு கடிகாரங்கள். ஒன்று மேஜைமேல் ரவுண்டுக்காக ஓடிக்கொண்டிருப்பது, மற்றொன்று கையில், யாராவது விழுந்தால் எண்ணுவதற்கு. விழுந்த நொடியில் டைம்கீப்பர் கைக்கடிகாரத்தை அமுக்க வேண்டும், நொடிக்கு ஒரு தட்டாகச் சுத்தியால் பலகையைத் தட்ட வேண்டும். நடுவர் அடித்தவனை மூலைக்கு அனுப்பிவிட்டு வந்து, அந்தத் தட்டைக் கேட்டு விரலை மடக்குவார். பத்து விரல் மடங்கினால் முடிந்தது. நானூறு பேர் விழுந்து சற்குணம் எண்ணியிருக்கிறார். எல்லாரும் முழங்கால் மடங்கி, மூட்டை சரிகிற மாதிரிதான் விழுவார்கள். மாசிலாமணி மடங்கவில்லை. டெரன்ஸின் இடது கை எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை, மாசிலாமணியின் பாதங்கள் இரண்டும் இருந்த இடத்திலேயே இருக்க, மொத்த உடம்பும் ஒரே நெட்டாக, பாய்மரத்தை அடியில் அறுத்துவிட்டால் எப்படிச் சாயுமோ அப்படி, அவசரமே இல்லாமல், விழலாமா வேண்டாமா என்று யோசித்து யோசித்து விழுந்தான். அவ்வளவு பெரிய ஒன்று கீழே வருவதைச் சற்குணம் அதற்கு முன் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. பலகை அதிர்ந்து மேஜைமேல் இருந்த மணி தானாகவே ஒருமுறை அடித்துக்கொண்டது. துறைமுகத்தில் நின்ற கப்பலில் கேப்டனின் டீ சிந்தியது என்பது பிற்பாடு அவர் சேர்த்துக்கொண்டது. மணி அடித்தது நிஜம். ஏழாயிரம் பேரும் மூச்சை உள்ளே இழுத்து வெளியே விட மறந்தார்கள். சற்குணத்தின் சுத்தி அந்தரத்தில் நின்றது. கட்டைவிரல் பொத்தான்மேல் இருந்தது, அமுக்கவில்லை. பயமில்லை, பாசமில்லை, ஓரவஞ்சனை இல்லவே இல்லை, வேறு எந்த வேண்டாத எண்ணமும் இல்லை. பார்த்துக்கொண்டிருந்தார். கோயில் கோபுரத்தை முதன்முதலாகப் பார்க்கிறவன் தன் கையில் இருக்கிற தேங்காயை மறந்துவிடுவது போல மறந்துவிட்டார். பிறகு திடுக்கிட்டு அமுக்கித் தட்ட ஆரம்பித்தார். ஒன்பதாவது தட்டில் மாசிலாமணி எழுந்து நின்றான். அது இன்னொரு கோபுரம். மேஜைமேல் இருந்த ரவுண்டுக் கடிகாரத்தை அப்போதுதான் பார்த்தார். விழுந்தபோது அதில் ஒரு நிமிடம் பன்னிரண்டு நொடி. அதைப் பார்த்தது நினைவிருக்கிறது, கண் தானாகப் பார்த்துவைக்கும், கிளார்க் கண். இப்போது ஒரு நிமிடம் இருபத்தாறு. பதினாலு. ஆறாவது ரவுண்டில் டெரன்ஸ் விழுந்தான், அதைச் சரியாகப் பத்து எண்ணினார். மறுவருஷம் டெரன்ஸ் குடும்பத்தோடு கப்பல் ஏறிவிட்டான்.

அதற்கப்புறம் வந்த பதினோரு வருஷத்தை எந்தக் கணக்கில் சேர்ப்பது. கல்கத்தாவில் ஒரு மிலிட்டரிக்காரர், ஆறரை அடி, மாசிலாமணி கையை ஓங்கியதும் அந்தக் காற்றிலேயே அவர் உட்கார்ந்துவிட்டார், எண்ணுவதா வேண்டாமா என்று நடுவர் சற்குணத்தைப் பார்த்தார். கொழும்பில் ஒருவனை அடித்த சத்தம் கேட்டு அடுத்த தெருவில் கடையை மூடினார்கள். பம்பாயில் ஒருவன் எட்டு ரவுண்டு நின்றான், முடிந்ததும் மாசிலாமணி காலைத் தொட்டுவிட்டுப் போய் அடுத்த மாதமே தபால் உத்தியோகத்தில் சேர்ந்துவிட்டான். நாற்பத்தொரு சண்டை. முப்பத்தொன்பது ஜெயம். எல்லாவற்றையும் மேஜையில் உட்கார்ந்து பார்த்தவர் சற்குணம், ஒவ்வொரு முறை அவன் கையை நடுவர் தூக்கும்போதும், வானத்துக்கே தூண் கொடுக்கிற மாதிரி அந்தக் கை போகும்போதும், உடம்பு சிலிர்க்கும். சிலிர்ப்பு அடங்குவதற்குள் பதினாலு என்று காதுக்குள் ஒன்று சொல்லும். நான் அமுக்கியிருந்தால் இது எதுவும் இல்லை. கல்கத்தா இல்லை, கொழும்பு இல்லை. அவன் நாலு மூட்டை தூக்கிக்கொண்டே வயதாகியிருப்பான், தாடை முழுதாக இருந்திருக்கும், கெட்டி முட்டையே தின்பான், வீட்டுச் சந்து மறந்திருக்காது. அதுவும் ஒரு கணக்கு. அதையும் யாரும் போடவில்லை. கடைசிச் சண்டை அதைவிட மோசம். மாசிலாமணிக்கு முப்பத்தைந்து வயது, எதிரில் போலீஸ்காரப் பையன் ஒருவன், இருபத்திரண்டு. ஒன்பதாவது ரவுண்டில் மாசிலாமணி விழுந்தான், இந்த முறை எல்லாரையும் போல முழங்கால் மடங்கி. சற்குணம் அந்த நொடியே அமுக்கினார். கண்ணை அவன்மேல் வைக்கவே இல்லை, முள்ளின்மேல் வைத்தார். ஒன்று தட்டினார், இரண்டு தட்டினார், ஒரு மயிரிழை முன்னே பின்னே இல்லாமல் பத்து தட்டினார். பதினொன்றில் மாசிலாமணி எழுந்து நின்றான். நின்று, சண்டை இன்னும் இருக்கிறது என்று நினைத்துக் கையை உயர்த்தினான். ஒரே ஒரு நொடி. அன்றைக்கு அஞ்சைச் சும்மா கொடுத்த கை இன்றைக்கு ஒன்றைக் கொடுக்காது என்று நின்றது. நேர்மை என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டார் சற்குணம். பழைய தப்பை மறைக்க இவனையே அடித்தேனா என்றும் நினைத்துக்கொள்வார், அது பெரும்பாலும் விடிகாலையில். இப்போது என்ன சொல்வது. ஒன்பது என்றால் அவன் நம்புவான், மேடையில் நெஞ்சை நிமிர்த்தி உட்காருவான், டெரன்ஸ் தோளில் கை போடுவான், டெரன்ஸ் கைத்தடியைப் பார்த்துக்கொண்டிருப்பான். பதினாலு என்றால் இவனிடம் மிச்சம் என்ன இருக்கிறது, கண்ணும் போய், தாடையும் போய், சந்தும் போய், அந்த ஒன்பதுதான் இருக்கிறது. அதையும் பிடுங்கிவிட்டால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை இந்த முக்காலிக்கு யார் வருவார்கள். பயம் அதுதான். வேறு என்ன பெரிய நியாயம் அநியாயம், இந்த வெளிச்சம் மறைகிற வாசற்படிதான். ஒரு முட்டை மற்றொன்றை டொக் டொக் என்று இடித்துக்கொண்டே இருக்கிறது, யாரோ எண்ணுகிற மாதிரி.

"அண்ணாத்தே, தண்ணி வத்திப் போச்சு" என்றான் மாசிலாமணி. சற்குணம் பார்த்தார். பாத்திரத் தண்ணீர் முழுதும் ஆவியாகிவிட்டது, முட்டைகள் வெறும் சட்டியில் துள்ளுகின்றன, ஒன்று வெடித்து வெள்ளை பிதுங்கியிருக்கிறது. அடுப்பை அணைத்தார். அதற்கப்புறம்தான் இடது கை நினைவுக்கு வந்தது. கட்டைவிரல் பொத்தான்மேல் அப்படியே இருந்தது. முள் உச்சியில் அப்படியே நின்றது. மாசிலாமணி கையை நீட்டினான், அவர் கொடுத்தார். அந்த உள்ளங்கையில் கடிகாரம் சட்டைப் பொத்தான் மாதிரி இருந்தது. நல்ல கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தான். பிறகு காதில் வைத்தான். "அமுக்கவே இல்லியா?" இல்லை என்றார் சற்குணம். இன்னா பார்த்துகினு இருந்த என்று கேட்டான். ஆயிரம் கதை தெரிந்தவருக்கு அந்த நேரத்தில் ஒரு கதை வரவில்லை. "உன்னைத்தான். உள்ள வந்தியே, அதப் பார்த்தேன்." மாசிலாமணி கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். தலை நிமிராமலே கேட்டான். "அன்னிக்கும்?" சற்குணம் சட்டியை இறக்கி வைத்தார். "அன்னிக்கும்தான் மாசி. பதினாலு."

சற்குணத்துக்குள் யாரும் சொல்லாமலே எண்ணிக்கை ஆரம்பித்துவிட்டது. மூன்று, நாலு. தெருவில் மீன்காரி கூவிக்கொண்டு போனாள். ஏழு. அவன் தோள் அசையவில்லை. ஒன்பது. ஒன்பதிலும் அவன் எழவில்லை, பேசவில்லை. பத்து போனது, பதினொன்று போனது. நம்பினால் நம்புங்கள், சரியாகப் பதினாலில் வாயைத் திறந்தான். "அப்ப அந்தக் கடைக்காரரு நெசமாத்தான் குடிச்சிக்கீறாரு" என்றான். சிரிப்பா என்று தெரியவில்லை, அந்த மூஞ்சியில் எது சிரிப்பு என்று கண்டுபிடிப்பது கஷ்டம். கையை விட்டுச் சுடச்சுட முட்டையை எடுத்தான், ஓட்டை உரித்தான், கல்லாகிப் போயிருந்ததைக் கடித்தான். இடது கடைவாயில் ஒதுக்கி, வலித்தபோது நிறுத்தி, மறுபடி மென்றான். வேண்டாம்டா, வேற போடறேன் என்றதற்குத் தலையை ஆட்டிவிட்டான். முழுதாகத் தின்று முடிக்க வெகுநேரம் ஆனது. பிறகு, நாலு மூட்டை தூக்கின காலத்தில் எந்த மூட்டை எங்கே போகும் என்று கேட்டுக்கொள்வானே, அதே குரலில் சொன்னான். "மேடையில பேரு கூப்புடுவானுங்க. நான் ஒடனே எழுந்துக்க மாட்டேன். மொதல்ல டெரன்ஸு எழுந்து நிக்கட்டும், ஜனம் அவனுக்குக் கை தட்டட்டும். நீ மொத வரிசையில குந்திகினு அஞ்சு எண்ணு. அப்புறமா நான் எழுந்துக்கறேன்." சற்குணம் வேண்டுமென்றே வம்புக்கு, இந்த முட்டியை வைத்துக்கொண்டு அந்தத் தாழ்ந்த நாற்காலியிலிருந்து எழுந்துவிடுவாயா என்று கேட்டார். மாசிலாமணி ஒற்றைக் கண்ணால் அவரைப் பார்த்தான். "நான் எந்த வாட்டி எழுந்துக்காம இருந்தேன்?"

கடிகாரத்தை அவர் கையில் திருப்பி வைத்தான். இந்த வாட்டியாவது பொத்தானை அமுக்கு, என்னைப் பார்த்துகினு இருக்காத, என்றான். முக்காலியில் இரண்டு கையையும் ஊன்றி எழத் தொடங்கினான். முதலில் முழங்கால், பிறகு இடுப்பு, பிறகு அந்த முதுகு, சமையலறைக் கூரை கொஞ்சம் மேலே போய் இடம் விட்டது போல இருந்தது. சற்குணம் பொத்தானை அமுக்கினார். முள் நடந்தது. ஒன்று, இரண்டு. எதிரில் வெளிச்சம் மறைந்துகொண்டே வந்தது. அவர் முள்ளைத்தான் பார்த்தார். முள்ளை மட்டும் பார்க்க ரொம்பப் பாடுபட்டார்.